கல்பாக்கம் ஈனுலை: உள்ளே ஓடும் சோடியத்தை கம்ப்யூட்டர் கணிப்பது எப்படி?

காஞ்சிபுரம், திருப்பருத்திக்குன்றம் பக்கம் பட்டுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. சாயத் தொட்டியில் சூடு சீராகப் பரவலைன்னா நூலில் நிறம் திட்டுத் திட்டாக ஏறும். அணு உலையில் இதே சிக்கல் வந்தால்? உருக்கிலேயே விரிசல் விழலாம்.

கல்பாக்கத்தில் என்ன இருக்கிறது?

2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த கல்பாக்கம், இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. அங்குள்ள 500 மெகாவாட் அதிவேக ஈனுலையை வடிவமைத்தது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். இந்த உலையில் வெப்பத்தை எடுத்துச் செல்வது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். ஆயிரம் டன்னுக்கும் மேல்! சுமார் 400 டிகிரி செல்சியஸில் எரிபொருளுக்குள் நுழைந்து, சுமார் 550 டிகிரியில் வெளியேறும்.

சிக்கல் எங்கே?

எரிபொருள் தண்டுகள் வழியாக வரும் சோடியம் அதிக சூடாகவும், சுற்றியுள்ள பகுதி வழியாக வருவது சூடு குறைவாகவும் இருக்கும். இரண்டும் மேலே கலக்கும்போது, அங்குள்ள உருக்குப் பாகங்கள் மாறி மாறி சூடாகிக் குளிரும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும் இல்லையா, அதே கதைதான்.

இது வெறும் பயம் இல்லை. 1998-ல் பிரான்சின் சிவோ அணுமின் நிலையத்தில், சுடுநீரும் குளிர்நீரும் கலந்த இடத்தில் குழாய் விரிசல் விட்டு தண்ணீர் கசிந்தது.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

சோடியம் உலோகம் என்பதால் ஒளி ஊடுருவாது. கேமரா வைத்தும் ஓட்டத்தைப் பார்க்க முடியாது. அதனால் உலையின் உட்பகுதியை லட்சக்கணக்கான குட்டிக் கட்டங்களாக கம்ப்யூட்டரில் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு திரவம் வருகிறது, எவ்வளவு போகிறது, வேகமும் வெப்பமும் எப்படி மாறுகிறது என நொடியின் சிறு பகுதிக்கு ஒருமுறை கணக்கிடப்படும். எந்த இடத்தில் வெப்பம் அதிகம் ஊசலாடும் என்பது அதில் தெரியவரும்.

கணக்கை அப்படியே நம்பலாமா?

கூடாது. கட்டங்கள் பெரிதாக இருந்தாலோ, கொந்தளிப்பான ஓட்டத்துக்குத் தவறான சூத்திரம் கொடுத்தாலோ, விடை அழகான வண்ணப் படமாக வரும். ஆனால் தப்பாக இருக்கும். அதனால்தான் கல்பாக்கத்தில் 'சம்ராட்' என்ற கால் பங்கு அளவு மாதிரி உலையில் தண்ணீரை ஓடவிட்டு ஓட்டத்தைச் சோதித்தார்கள். ஆனால் சோடியம் தண்ணீரைவிட சுமார் 100 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். எனவே தண்ணீர்ச் சோதனை மட்டும் போதாது. கம்ப்யூட்டர் மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தக் கணக்கை நம்பி வடிவமைப்பில் இறங்க முடியும்.