பெட்டி இல்லாத ஆட்டம்

எம். புதுப்பட்டியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பரண்மேல் ஏறி எதையோ துழாவிக்கொண்டிருந்த அவள் மகன், தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தான்.

"மாமா, நான் சின்னப்பிள்ளையிலே விளையாடின டி.வி. கேம் பெட்டியைக் காணோமே!"

பதில் அடுப்பங்கரையிலிருந்து வந்தது. "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சுடா. எத்தனை வருஷந்தான் அது இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கும்?"

அவன் முகம் வாடிவிட்டது. முப்பது வயதுப் பிள்ளைக்கு இதற்கு இவ்வளவு வருத்தமா என்று வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால், இப்படிப்பட்ட பெட்டிகளுக்காகவே அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலை ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிறது. கொலராடோ மாகாணம், போல்டர் நகரம். 2009-ல் லோரி எமர்சன் என்ற பேராசிரியை தொடங்கியது. ஆப்பிள் 2, கொமடோர் 64 என்று அந்தக் காலத்து யந்திரங்கள் அங்கே உயிரோடு இருக்கின்றன. வருகிறவர்கள் ஸ்விட்சைப் போட்டு ஆடியே பார்க்கலாம். காட்சிசாலை என்றாலே காவல்காரரின் முறைப்பு நினைவுக்கு வரும் நமக்கு இது புதுமைதான்.

ஆட்டத்தை நகலெடுத்து இன்றைய கணிப்பொறியில் போட்டுக்கொண்டால் போதாதா? போதாது. 1962-ல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்று ஓர் ஆட்டம் செய்தார்கள். பீரோ பீரோவாக நின்ற பி.டி.பி-1 என்னும் கணிப்பொறி. அதற்கு வட்டத் திரை. நடுவில் ஒரு நட்சத்திரம் எல்லாவற்றையும் தன்பால் இழுக்கும். அதில் விழாமல் இரண்டு விண்கப்பல்கள் ஒன்றையொன்று சுட வேண்டும். அந்தத் திரையின் பூச்சு, பட்ட ஒளியை உடனே விட்டுவிடாது. கப்பல் போன வழியெல்லாம் மங்கலான வால் ஒன்று தங்கித் தங்கி மறையும். இருட்டில் கம்பி மத்தாப்பைச் சுழற்றிய சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவே வேண்டாம். (அது கண்ணின் மயக்கம், இது திரையின் குணம். அவ்வளவுதான் வித்தியாசம்.) நகலில் விதிகளெல்லாம் அப்படியே வரும். வால் மட்டும், யாராவது வரைந்து சேர்த்தால்தான் வரும். சேர்க்க வேண்டும் என்று தெரிவதற்கே அசலைப் பார்த்த கண் ஒன்று வேண்டுமல்லவா? கலிபோர்னியாவின் மௌண்டன்வியூ நகரத்துக் கணிப்பொறிக் காட்சிசாலையில் ஒரு பி.டி.பி-1 யந்திரத்தை வருஷக்கணக்கில் பாடுபட்டுச் சரிசெய்து ஓடவைத்தார்கள். வந்தவர்களை அதில் ஸ்பேஸ்வார் ஆடவும் விட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022-ல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் ஏராளமாக அகப்பட்டன. கழுவி, அளந்து, எண் போட்டு வைத்தார்கள். முதலில் இறங்கியது யார், வெட்டுப்பட்ட காய் எங்கே போயிற்று, தோற்றவன் என்ன கொடுத்தான்? அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மறுநாள் காலையில் மருமகன் இரும்புக் கடைக்கே போய் வந்தான். பெட்டி எப்போதோ உடைபட்டுப் போயிருந்தது. மூலையில் கிடந்த மஞ்சள் கேஸட் ஒன்றை மட்டும் கொண்டுவந்தான். மேலே '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருந்தது. எண்ணினால் இருபது தேறாது என்று அவனே சொன்னான்.

தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, இதை எதிலே போட்டு ஆடுவே?" என்றாள்.