அக்பரின் வெடியுப்பும் அம்மாவின் ஃபிரிட்ஜும்

போன மாசம் எங்க வீட்டுல ஒரு வட்டமேசை மாநாடு. பழைய ஒத்தைக் கதவு ஃபிரிட்ஜ் உயிரை விட்டுருச்சு, புதுசு வாங்கணும். அம்மாவோட கோரிக்கை ரெண்டே வரி: "ஏய்யா, பெருசா பாருய்யா. ஆனா காசு ரொம்பப் போயிறக் கூடாது." குளிர்ச்சிக்காக மனுசன் எவ்வளவு செலவழிச்சிருக்கான்னு அன்னிக்கு ராத்திரி கொஞ்சம் கொசுவத்தி சுத்திப் பார்த்தேன். அது நானூறு வருசத்துக்கும் முன்னாடி போய் நின்னுச்சு.

எங்க ஊரு நாரணாபுரம், சிவகாசிக்குப் பக்கம். இங்க வெடியுப்புன்னா சின்னப்புள்ளைக்கும் தெரியும். வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் சேர்ந்தா கருமருந்து. அதுல முக்கால் பங்கு வெடியுப்புதான். ஆனா இதே உப்பைத் தண்ணியில கரைச்சா, சுத்தியிருக்கிற வெப்பத்தை அது இழுத்துக்கும். தண்ணி சில்லுன்னு ஆயிரும். அக்பர் அரண்மனையில குடிதண்ணியைக் குளிர வச்சது இப்படித்தான்னு அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில எழுதி வச்சிருக்கார். வெடியுப்பு கரைச்ச தண்ணிக்குள்ள, வாயை அடைச்ச குடுவையை வச்சுத் திருப்பிக்கிட்டே இருப்பாங்களாம். அப்புறம் பாதுஷா லாகூருக்குக் குடி போனதும் மலையில இருந்து பனிக்கட்டியே வர ஆரம்பிச்சுருச்சு. நாம நெருப்புக்குன்னு நினைக்கிற சரக்கு, ஒரு ராஜாவுக்குக் குளிர்ச்சி குடுத்திருக்கு! (யாரும் வீட்டுல முயற்சி பண்ணிறாதீங்க சாமிகளா.)

ராஜாவுக்கு வெடியுப்பு, நம்ம சனத்துக்கு மண்பானை. எங்க பக்கம் மழையும் கம்மி, காத்துல ஈரமும் கம்மி. 1920கள்ல தீப்பெட்டித் தொழில் இங்க வேர் பிடிச்சதுக்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். அதே காஞ்ச காத்துதான் பானையில கசியிற தண்ணியைச் சட்டுன்னு ஆவியாக்கி உள்ள இருக்கிறதைக் குளிர வைக்குது. ஆனா பானை தண்ணியைத்தான் குளிர வைக்கும், மீன் குழம்பைக் காப்பாத்தாது.

அடுத்து வந்தாரு ஃபிரடெரிக் டியூடர்ங்கிற அமெரிக்க வியாபாரி. குளிர்காலத்துல ஏரி உறைஞ்சதும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, கப்பல்ல ஏத்தி ஊர் ஊரா வித்தவரு. 1833ல பாஸ்டன்ல இருந்து கல்கத்தாவுக்கு 180 டன் கிளம்புச்சு. நாலு மாசக் கடல் பயணத்துல உருகுனது போக சுமார் 100 டன் வந்து சேர்ந்துச்சு. மெட்ராஸ்ல அந்த ஐஸை வைக்கிறதுக்காக 1842ல கடற்கரையோரம் கட்டுன கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897ல விவேகானந்தர் தங்குனதும் அங்கதான். இப்ப அது விவேகானந்தர் இல்லம். அத்தனை பாடும் துரைமார் வீட்டு விருந்துக்காக. 1870கள்ல மெட்ராஸ்லயே இயந்திரத்துல ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துருச்சு.

வீட்டு ஃபிரிட்ஜை இந்தியாவுல செய்யத் தொடங்கினது 1958ல, கோத்ரெஜ். ஆனாலும் ரொம்ப காலத்துக்கு அது ஆடம்பரப் பொருள்தான், வரியும் அதுக்கேத்த மாதிரி. கிடைச்சதும் பெரும்பாலும் 165 லிட்டர் ஒத்தைக் கதவு. எங்க தெருவுல முதல்ல வாங்குன வீட்டுக்கு நாங்க டம்ளரும் கையுமா ஐஸ் கேட்டுப் போவோம். அந்த அத்தை முகம் சுளிக்காமக் குடுக்கும். அது முன்ரூம்ல, துணி போர்த்தி, மேல பொம்மை வச்சு, சாமி மாதிரி நிக்கும்.

இனி கடைக்கு வருவோம். ஒரு கடையில 300 லிட்டருக்கு மேல ஒரு பழைய பெட்டியைக் காட்டுனாங்க. "அண்ணே, புதுசுல பாதி விலைண்ணே." மனசு ஆடிப்போச்சு. அப்பதான் லேபிள் ஞாபகம் வந்துச்சு. 2006ல வந்த இந்த நட்சத்திர லேபிள்ல, வருசத்துக்கு எத்தனை யூனிட்டுன்னு போட்டிருக்கும். நமக்கு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. அதனால அதை ஆறால வகுங்க. 240 யூனிட்டுன்னா பில்லுல 40. 480ன்னா 80. வீட்டுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசத்துல எவ்வளவை இந்தப் பெட்டியே தின்னுரும்னு அங்கயே தெரிஞ்சிரும். இன்னொண்ணு, நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீங்க, லேபிள்ல உள்ள வருசத்தையும் பாருங்க. அளவுகோலை அப்பப்ப இறுக்கிக்கிட்டே வர்றாங்க. அன்னிக்கு அஞ்சு நட்சத்திரம் வாங்குனது இன்னிக்கு அஞ்சா இருக்காது. அந்தப் பழைய பெட்டியில லேபிளே இல்ல. பாதி விலையில வாங்கி மீதியை கரண்டு பில்லுல கட்ட வேண்டியதுதான்னு வெளிய வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து, "நாலு பேருக்குப் பழைய அளவே போதாதாம்மா?"ன்னு கேட்டேன். அப்பதான் சொன்னாங்க.

அம்மாவுக்குப் பட்டாசு ஆபீஸ்ல வேலை. (எங்க ஊர்ல ஆலைக்கு ஆபீஸ்னுதான் பேரு.) காலையில வேன் வர்றதுக்குள்ள சோறு, குழம்பு, எல்லாருக்கும் தூக்குவாளி. அதுக்கு நாலு மணிக்கு எந்திரிக்கணும். "ஞாயித்துக்கிழமை மாவாட்டி, காய் நறுக்கி, ரெண்டு குழம்பு வச்சு உள்ள வச்சுட்டேன்னா காலையில சோறு மட்டும் வடிச்சாப் போதும்யா. பழசுல எடம் பத்தல. அதான் பெருசாக் கேட்டேன்."

இத்தனை வருசமா இது எனக்குத் தோணவே இல்ல. அக்பருக்குக் குளிர்ந்த தண்ணி, துரைக்கு விருந்து, எனக்கு டம்ளர்ல ஐஸ். அம்மா கேட்டது தூக்கம்.

கடைசியில 240 லிட்டர் கிட்ட, ரெட்டைக் கதவு, புது வருச லேபிள். தவணையிலதான். சுவத்தை ஒட்டி வைக்காம, பின்பக்கச் சூடு போக இடம் விட்டு வச்சாச்சு. மேல பொம்மை எதுவும் இல்ல, தூக்குவாளிதான் இருக்கு. அம்மா இப்ப அஞ்சரைக்கு எந்திரிக்கிறாங்க.

உங்க வீட்டுக்கு முதல் ஃபிரிட்ஜ் எப்ப வந்துச்சு? யாரு கேட்டு வந்துச்சுன்னும் சொல்லுங்க மக்கா.