மொட்டை மாடியில் இருக்கும் பழைய சுண்ணாம்பு

மழைக்காலம் நெருங்கி, மேல் தளத்தில் ஒழுகல் பேச்சு வந்தால், "எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு சிமென்ட் போட்டுவிடலாம்" என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும். பெயர்க்கப்போவது எது என்று முதலில் பார்ப்போமே!

தமிழ்நாட்டில் பல பழைய அடுக்குமாடிகளில் தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஓர் அடுக்கு இருக்கும். கொத்தனார்கள் இதைச் 'சுருக்கி' என்பார்கள். பொதுப்பணித் துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. கட்டையால் அடித்து இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது பழைய வழக்கம்.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டு, தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகும். காற்றுப் படாத இடத்தில், தண்ணீருக்குள், தூய சுண்ணாம்பு இறுகாது.

இதற்கு ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார்கள். நம்மவர்கள் சுட்ட செங்கல் பொடியைச் சேர்த்தார்கள். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இந்தச் சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவையில் எழுந்ததுதான்.

இங்கிலாந்தில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்ட வந்த ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் நீருக்குள்ளும் இறுகும் என்று 1756-இல் கண்டறிந்தார். 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 'போர்ட்லாண்ட் சிமென்ட்'டுக்குக் காப்புரிமை பெற்றார். ஆக, சிமென்டும் சுண்ணாம்பு வம்சத்துப் பிள்ளைதான்.

ஆனால் குணம் வேறு. சிமென்ட் சீக்கிரம் இறுகும், பலம் அதிகம். வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கும் மாடியில் வெடிப்பு விடவும் செய்யும். சுண்ணாம்பு மெதுவாக இறுகும், சற்றே வளைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே மறுபடி படிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு யோசனை. முதலில் தட்டோட்டு இணைப்புகளையும் வடிகுழாய் வாய்களையும் சோதிப்போம். ஓரிரு இடத்தில் ஓட்டை எடுத்து, அடியிலுள்ள அடுக்கைத் தட்டிப் பார்ப்போம். கெட்டியாக இருந்தால் இணைப்புகளை மட்டும் அடைத்தால் போதும். பொறுபொறுவென உதிர்ந்தால் அப்போது பெயர்ப்போம். இத்தனை மழையைத் தாங்கிய அடுக்கைப் பார்க்காமலே உடைக்க வேண்டாமே.