கட்சாலின் ரப்பர்ப் பாலும் அமிலம் மறைத்த எண்களும்

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கட்சாலில் ரப்பர் தோட்டம் உருவானதற்குப் பின்னால் ஒரு புலம்பெயர்வின் வரலாறு உண்டு. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்திற்கு வந்த ரப்பர் விதைகள் அங்கே முளைத்தன. நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கையின் ஹெனரத்கொடைக்கு அனுப்பப்பட்டன. பின்னாளில் இலங்கையில் பெருகிய தோட்டங்களில் உழைத்தோருள் பெரும் பகுதியினர் தமிழர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தையடுத்துத் தாயகம் திரும்பியோருள் சிலர் கட்சாலின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

அவர்கள் கைகளில் நாள்தோறும் படிந்த ரப்பர்ப் பால் வெறும் ரப்பர் அன்று. அதில் புரதங்களும் உள்ளன. விரைவாகச் சுழற்றினால் அப்பால் அடுக்குகளாகப் பிரியும்: மேலே ரப்பர், இடையே தெளிந்த நீர்மம், அடியில் லூட்டாய்டு எனும் நுண்பைகள். அந்த அடிப்பகுதியிலிருந்து படிக வடிவில் தனித்துக் கிடைத்த ஒரு சிறு புரதத்தை ஆர்ச்சர் 1960-இல் விவரித்தார். அதுவே ஹெவீன். பூஞ்சைகளின் செல்சுவரிலுள்ள கைட்டினை அது பற்றிக்கொள்ளும். பட்டையில் விழும் வெட்டுக்காயத்தைக் காக்கும் கருவிகளுள் அதுவும் ஒன்று.

ஹெவீனில் 43 அமினோ அமிலங்களே உள்ளன. இத்துணைச் சிறிய புரதத்தின் கூறுகளை எண்ணுவது எளிது என்று தோன்றலாம். ஆனால் அமினோ அமிலப் பகுப்பாய்வின் பிழைகள் ஏறத்தாழ அனைத்தும் இதில் ஒருசேரக் கூடுகின்றன.

இப்பகுப்பாய்வின் வரலாறே ஒரு தவறான பெயரோடு தொடங்கியது. 1820-இல் பிரான்சின் பிராக்கோனோ, ஜெலட்டினைக் கந்தக அமிலத்தில் காய்ச்சி இனிப்பான படிகங்களைப் பெற்று, அவற்றைச் சர்க்கரை என்றே கருதினார். அப்பொருளில் நைட்ரஜன் இருப்பது பின்னரே தெளிவாயிற்று. அதுவே இன்றைய கிளைசின். 1901-இல் ஹாப்கின்சும் கோலும் டிரிப்டோபேனைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் புரதத்தை அமிலத்தில் காய்ச்சவில்லை. கணைய நொதியால் செரிக்கச் செய்தனர். அமிலம் டிரிப்டோபேனை அழித்துவிடும் என்பதால் அதுகாறும் அது கண்ணில் படாதிருந்தது. ஆய்வுமுறையே ஒரு பொருளை இல்லையெனக் காட்டக்கூடும் என்பதற்கு இது தெளிந்த சான்று.

1958-இல் ஸ்பேக்மன், ஸ்டைன், மூர் மூவரும் வெளியிட்ட தானியங்கிக் கருவி அமினோ அமிலங்களை அயனிப் பரிமாற்றத் தூணில் பிரித்து, நின்ஹைட்ரின் நிறத்தால் அளந்தது. அளவீடு துல்லியமாயிற்று. எனினும் கருவிக்குள் செல்வது புரதம் அன்று; 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 110 டிகிரி செல்சியஸில், ஏறத்தாழ ஒரு நாள் காய்ந்தபின் எஞ்சுவதே. அந்த ஒரு நாளில் நிகழ்ந்த இழப்பைக் கருவி அறியாது.

ஹெவீனை அக்குழாயில் இட்டுப் பார்ப்போம். அதன் 2 டிரிப்டோபேன்களும் பெரும்பாலும் அழியும். 4 அஸ்பராஜின்கள் அஸ்பார்டிக் அமிலமாகவும், 4 குளுட்டமின்கள் குளுட்டாமிக் அமிலமாகவும் மாறி அம்மோனியாவை வெளிவிடும். 4 செரின்களும் 1 திரியோனினும் நேரம் செல்லச் செல்லக் குறையும். எஞ்சியுள்ள 8 சிஸ்டீன்கள் இரண்டிரண்டாக இணைந்து 4 கந்தகப் பாலங்களாக நிற்பவை; அவற்றுள் ஒரு பகுதி சிதைவதால் கிடைக்கும் எண் நம்பத்தகாதது. ஆக 43-இல் 23 இடங்களை இந்த ஒரே காய்ச்சல் அழிக்கிறது, குறைக்கிறது, அல்லது வேறொன்றாகக் காட்டுகிறது.

ஒவ்வொரு பிழைக்கும் ஒரு திருத்தம் கண்டறியப்பட்டது. பெர்ஃபார்மிக் அமிலத்தால் முதலில் ஆக்சிகரணம் செய்தால், சிஸ்டீன் அமிலத்தைத் தாங்கும் சிஸ்டீயிக் அமிலமாகும். ஆனால் அதே வினை டிரிப்டோபேனை அழிக்கும். டிரிப்டோபேனைக் காக்கக் காரத்தில் காய்ச்சலாம். ஆனால் காரம் சிஸ்டீனையும் செரினையும் சிதைக்கும். செரின், திரியோனின் இழப்பை அறிய, 24, 48, 72 மணி நேரம் காய்ச்சிய மாதிரிகளை ஒப்பிட்டுத் தொடக்க நேரத்துக்குப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். எந்த ஒற்றைக் காய்ச்சலும் முழு உண்மையைத் தராது. போதாக்குறைக்கு, வெறுங்கையால் தொட்ட கண்ணாடிக் குழாயில் விரல்ரேகையின் செரினும் கிளைசினும் சேர்ந்துகொள்ளும்.

இவை ஆய்வகத்தோடு நின்றுவிடும் நுணுக்கங்கள் அல்ல. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் ரப்பர்க் கையுறை அணிந்த மருத்துவப் பணியாளர் பலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டபோது, அதை உண்டாக்கிய முதன்மைப் புரதங்களுள் ஒன்றாக ஹெவீன் இனங்காணப்பட்டது. கையுறையில் எவ்வளவு புரதம் எஞ்சியுள்ளது என்பது உடல்நலம் சார்ந்த கேள்வியாயிற்று. வழக்கமான லவ்ரி முறை நிறமாற்றத்தைக் கொண்டு புரதத்தை அளப்பது. ரப்பரைப் பதப்படுத்தும் வேதிப்பொருள்களும் அந்நிறத்தைத் தரக்கூடும் என்பதால், இல்லாத புரதமும் கணக்கில் ஏறலாம். அமினோ அமிலப் பகுப்பாய்வு அக்குழப்பத்தைத் தவிர்க்கிறது. ஆனால் திருத்தம் செய்யாவிடில், இருக்கும் புரதத்தைக் குறைத்துக் காட்டும். ஒன்று மிகையில் பிழைக்கிறது. மற்றது குறையில் பிழைக்கிறது. இரண்டாவது பிழையின் விலையைக் கொடுப்பது, பாதுகாப்பானது என்று நம்பிக் கையுறையை அணிபவரே.

எனவே அமினோ அமில அட்டவணையில் உள்ள ஓர் எண்ணைப் படிக்கும்போது, அது எந்த அமிலத்தில், எத்தனை மணி நேரம், எவ்வகைப் பாதுகாப்போடு பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அக்குறிப்பு இல்லாத எண் அளவீடு அன்று. அமிலம் விட்டுவைத்த மிச்சம் மட்டுமே.