தலைக்கு மேல் ஒரு வெயில்

மலாயாத் தோட்ட வரலாற்றில் சம்பளம் இருக்கிறது, கள்ளுக்கடை இருக்கிறது, கங்காணி இருக்கிறார். கூரைக்கு மட்டும் அதிகம் இடம் கிடைக்கவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் பொறியாளனாக வேலை செய்யும் எனக்கு அந்தக் கூரையிலிருந்து தொடங்கத்தான் தோன்றுகிறது.

லங்காட் ஆற்றோரச் சதுப்பில் நீப்பா தானாக வளரும். அதன் ஓலையை மடித்துக் குச்சியில் கோர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினால் அத்தாப்பு. அடுக்குகளுக்கு இடையே மாட்டிக்கொள்ளும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. இன்று காசு கொடுத்து வாங்கும் கண்ணாடிப் பஞ்சும் இதையேதான் செய்கிறது. ஆனால் அத்தாப்பு சில வருஷத்தில் மட்கிவிடும், தீப்பிடிக்கும். தோட்டக் கணக்குக்கு அது கட்டுப்படியாகவில்லை. லயத்துக்குத் தகரம் வந்தது.

தகரம் நீண்ட நாள் உழைக்கும். உள்ளே படுப்பவர் கதை வேறு. உச்சி வெயிலில் சூடேறிய தகரம் அடுப்புபோலக் கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். சூடான காற்று மேலேயே தங்கிவிடும் என்பதால், கீழே இறங்குவதில் பெரும்பங்கு இந்தக் கதிர்வீச்சுதான்.

இந்த வட்டாரத்தில் தொழிலாளர் உடம்பை யாருமே கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடியவைத்து மலேரியாவைக் குறைத்தார். காய்ச்சலில் ஆள் விழுந்தால் வேலை நின்றுபோகும். புழுக்கத்தில் தூங்காத ஆள் மறுநாளும் பால்மரம் வெட்டப் போய்விடுவார். அவர் தூக்கம் எந்தக் கணக்கிலும் வராது.

1941 கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் சம உயர்வான சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது, தொரைக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது. கூரை இல்லை. அடி வாங்குகிறவன் முதலில் அடியை நிறுத்தத்தானே கேட்பான்? புழுக்கம் விதியைப்போல ஆகிவிட்டது.

தோட்டம் போய்த் தாமான் வந்தபோது தகரம் போய் ஓடு வந்தது. வெயில் அப்படியே இருந்தது. ‘ஏர்கோன் போட்டுக்கலாம்’ என்பதே நம் பதிலானது. 2012-இல் சிலாங்கூர் தன் கட்டட விதிகளில் 38ஏ பிரிவைச் சேர்த்தது. லேசான கூரை வழியாகக் கடக்கும் வெப்பத்தின் அளவு, அதாவது யூ மதிப்பு, 0.4-ஐத் தாண்டக்கூடாது, கனமான கூரைக்கு 0.6. குடியிருப்புக்கும் சேர்த்துத்தான். கூரைக்குக் கீழே இருப்பவரின் புழுக்கம் ஓர் எண்ணாகச் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் பழைய வீட்டை அந்த எண் தானாக வந்து தொடாது. அங்கே நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யூ 0.4 என்றால் வெப்பத் தடை, அதாவது ஆர் மதிப்பு, 2.5. ஐம்பது மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு ஏறக்குறைய 1.3 தரும், நூறு அதைப்போல இரண்டு மடங்கு. அமெரிக்கப் பக்கங்களில் ஆர் 38 என்று படித்துவிட்டு மிரள வேண்டாம். அது அவர்கள் அலகு, நம் அலகில் 6.7 மட்டுமே. பூஜ்யத்திலிருந்து முதல் ஐம்பது மில்லிமீட்டர் தரும் பலனை, இருநூறுக்கு மேல் போடும் ஐம்பது தராது.

நமக்கு வெப்பம் மேலிருந்து கதிராக வருகிறது. அதனால் ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் அவசியம். பளபளப்புப் பக்கம் கீழே பார்க்கட்டும், அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருக்கட்டும். மேலே பார்த்தால் தூசி படியும், எதிலாவது ஒட்டிக்கிடந்தால் பயனே இல்லை. தாள் சரியாக இருந்தால் பஞ்சின் கனத்தைக் குறைக்கலாம். பஞ்சை அமுக்கித் திணிக்கக்கூடாது, நனையவும் விடக்கூடாது. உள்ளே காற்று இல்லாவிட்டால் அது வெறும் குப்பை. முதலில் ஒழுகலை அடைத்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

நம் தாத்தா பாட்டிகளின் கூரையை வேறொருவர் முடிவு செய்தார். அவர் அதற்குக் கீழே படுக்கவில்லை. இன்று வாடகை வீட்டிலும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியிலும் அதே கதைதான் நடக்கிறது. 0.4 என்ற எண்ணை அங்கேயும் கேட்க வேண்டும்.