ஆய்விதழின் ஆசிரியர் நாற்காலியும் சாதி குறித்த அறிவும்

ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் மாறுவது நாளேடுகளில் பெரிய செய்தியாவதில்லை. ஆயினும் ஒரு துறையில் எது அறிவாக ஏற்கப்படும், எது அச்சேறாமல் போகும் என்பது அந்த மாற்றத்தைப் பொறுத்தது. வணிகவியல், மேலாண்மையியல் ஆய்விதழ்களை நாம் கவனிக்கத் தனிக் காரணம் உண்டு. தனியார் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கும் ஒன்றியச் சட்டம் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்கிறது. சாதி குறித்து அவ்வாறு எதையும் கோரவில்லை. ஆகவே நிறுவனங்களுக்குள் நிலவும் விலக்கலை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆய்வாளர்கள்மீதே விழுகிறது.

ஆசிரியரின் அதிகாரம்

அனுப்பப்படும் கட்டுரையை முதலில் பார்ப்பவர் ஆசிரியர். இதழின் எல்லைக்குள் அது வராது என்று அவர் கருதினால், மதிப்பாய்வுக்கே செல்லாமல் கட்டுரை திரும்பிவிடும். மதிப்பாய்வாளர்களைத் தேர்ந்தெடுப்பதும், அவர்களின் கருத்துகள் முரண்படும்போது முடிவெடுப்பதும், சிறப்பிதழ்களுக்கு இசைவளிப்பதும், ஆசிரியர் குழுவை அமைப்பதும் அவர் கையில் உள்ளன. சாதி பற்றிய கட்டுரை மேலாண்மையியலுக்கு உரியதா, சமூகவியலுக்கு உரியதா என்ற கேள்விக்கு முதல் விடை சொல்பவரும் அவரே.

வணிக அறவியல் இதழ்

‘ஜர்னல் ஆஃப் பிசினஸ் எத்திக்ஸ்’ 1982இல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவன ஆசிரியர் அலெக்ஸ் மைக்கலோஸ். பல வணிகப் பள்ளிகளில் பணி நியமனத்தையும் பதவி உயர்வையும் பாதிக்கும் ‘ஃபைனான்சியல் டைம்ஸ்’ நாளேட்டின் 50 இதழ்கள் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. நெடுங்காலம் இதழை நடத்திய மைக்கலோசுக்குப் பின் எட்வர்ட் ஃப்ரீமன், மிஷெல் கிரீன்வுட் ஆகிய இருவரும் இணைந்து முதன்மை ஆசிரியர்களாயினர். அறவியலை மையப்படுத்துவதும் அறிவுத் தளத்தை விரிவாக்குவதும் தங்கள் நோக்கம் என 2017இல் தலையங்கம் வழியே அறிவித்தனர். பின்னர் ஃப்ரீமன் இடத்துக்கு காசி இஸ்லாம் வந்தார். அவரும் கிரீன்வுட்டும் 2021இல் எழுதிய தலையங்கம், வணிக அறவியலைச் சமூகத்தோடு மீண்டும் இணைக்க வேண்டும் என்றது.

இவ்விதழின் 2020ஆம் ஆண்டுத் தொகுதியில் ஹரி பாபுஜி, ஸ்நேகாஞ்சலி கிறிஸ்பல் ஆகியோரின் கட்டுரை வெளிவந்தது. பொருளாதார ஏற்றத்தாழ்வைச் சாதியின் வழியே விளக்கும் கட்டுரை அது. வளங்கள் சமமின்றிப் பரவியிருத்தல், வாய்ப்புகளை அடைவதில் சமமின்மை, உழைப்புக்கும் பங்களிப்புக்கும் கிடைக்கும் பலனில் சமமின்மை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால்தான் ஏற்றத்தாழ்வு நீடிக்கிறது என்பது அதன் வாதம். சாதி அங்கே உள்ளூர்த் தரவாக மட்டும் நின்றுவிடவில்லை. உலகுக்குப் பொதுவான கோட்பாடு பிறக்கும் இடமாகவும் ஆனது.

மும்பையிலிருந்து ஒரு பாடம்

சச்சின் சவுத்ரி 1949இல் தொடங்கிய ‘எகனாமிக் வீக்லி’, 1966 முதல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ என வெளிவருகிறது. சமூக அறிவியலில் கோட்பாடு படைப்பவர்கள் மேல்சாதியினராகவும், தரவு திரட்டுபவர்கள் ஒடுக்கப்பட்டோராகவும் பிரிந்து கிடப்பதை கோபால் குரு 2002இல் இவ்விதழில்தான் கேள்விக்குள்ளாக்கினார். 2018இல் அவரே அதன் ஆசிரியரானார். அந்நாற்காலியில் தலித் அறிஞர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் முறை.

இந்தியாவின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த கட்டுரையும் 2012இல் இதே இதழில் வெளிவந்தது. இயக்குநர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் 3.8 விழுக்காடு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. தனியார் துறை இடஒதுக்கீடு குறித்த விவாதங்களில் இன்றும் நாம் கையிலெடுக்கும் எண்கள் இவை.

2002இன் கட்டுரையும் 2012இன் ஆய்வும் வெளிவந்தபோது ஆசிரியராக இருந்தவர்கள் தலித்துகள் அல்லர் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஆசிரியரின் பிறப்பு மட்டுமே இதழின் போக்கைத் தீர்மானிப்பதில்லை. அவரது திறந்த மனம் பெரிதும் உதவும். ஆனால் தனி மனிதரின் நல்லெண்ணம் அவர் விலகும்போது உடன் போய்விடக்கூடியது. மதிப்பாய்வாளர் பட்டியலிலும் ஆசிரியர் குழுவிலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் அறிஞர்கள் நிலையான இடம் பெற்றால்தான் மாற்றம் நிலைக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

புதிய ஆசிரியர்கள் பொறுப்பேற்கும்போது எழுதும் முதல் தலையங்கத்தை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இதழின் எல்லையாக அவர்கள் எதை வரையறுக்கிறார்கள்? ஆசிரியர் குழுவில் புதிதாக இடம்பெற்றோர் யார்? பாலினத்தையும் இனத்தையும் பேசும் இதழ் சாதியைப் பேசுகிறதா? கட்டணம் செலுத்த இயலாத கல்லூரி மாணவருக்கு அந்தக் கட்டுரைகள் கிடைக்குமா? இக்கேள்விகளுக்கான விடைகளைத் தொடர்ந்து பதிவுசெய்வதும் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியே. தரவைக் கொடுப்பவர்களாக மட்டும் நம்மை வைத்திருந்த அறிவுலகில், எது தரவு என்று முடிவுசெய்யும் இடத்திலும் நமக்குப் பங்கு வேண்டும்.