ஓடும் வண்டியின் அடியில் ஒரு தொட்டி

ரயிலில் செல்லும்போது நாம் எத்தனையோ பொருள்களைக் கண்டு வியக்கிறோம். இயந்திரத்தின் ஆற்றலை வியக்கிறோம். ஆற்றின் குறுக்கே நீண்டு கிடக்கும் பாலத்தை வியக்கிறோம். ஆனால், பெட்டியின் ஒரு கோடியில் கதவு சாத்திக் கிடக்கும் சிறிய அறையைப் பற்றி நாம் பேசுவதில்லை. பேசுவது நாகரிகம் அன்று என்று கருதுகிறோம். அந்த நாகரிகத்தின் விலையை யார் கொடுத்து வந்தார்கள் என்பதைத்தான் இன்று நான் பேச எடுத்துக்கொண்டேன்.

சிறுவனாக இருந்தபோது ரயில் கழிவறையின் துளை வழியே கீழே எட்டிப் பார்த்திருக்கிறேன். குறுக்குக் கட்டைகளும் சரளைக் கற்களும் மின்னல்போல் பின்னோக்கி ஓடும். வேடிக்கையாக இருக்கும். கதவின்மேல், வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கும். அதன் பொருள் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் ஒரு சந்திப்பு நிலையத்தில் இறங்கியபோது விளங்கிற்று. வண்டி போன பிறகு, இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு பெண்மணி துடைப்பத்தோடு நின்றார். முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டியிருந்தார். மேடையின்மேல் நின்று காப்பி அருந்தியவர்களுள் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படித் திருப்பிக்கொண்ட முகத்தோடுதான் இந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறேன்.

நம் நாட்டில் பயணிகள் ரயில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடியது. தென்னாட்டில் 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி சென்றது. இருப்புப்பாதை நீண்டது, பயண நேரமும் நீண்டது. ஆயினும் கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிவறை என்பது நெடுங்காலம் இல்லை. நிலையத்தில் வண்டி நிற்கும்போது இறங்கி ஓடி, அது புறப்படுமுன் திரும்பி வந்து ஏறவேண்டும். 1909இல் வங்காளத்துப் பயணி ஒருவர் அகமத்பூர் நிலையத்தில் அவ்வாறு இறங்கினார். அவர் திரும்புவதற்குள் கார்டு ஊதல் ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்தவர், மேடையில் ஆண் பெண் அனைவரும் பார்க்க இடறி விழுந்தார். தமக்கு நேர்ந்த அவமானத்தை அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதிகாரிகளுக்கு எழுதினார். அக்கடிதம் தில்லி ரயில் அருங்காட்சியகத்தின் வழியாகப் புகழ் பெற்றது. படிப்போர் சிரிக்கின்றனர். ஆயின், மனிதனின் இயல்பான தேவைக்கு இடம் தராத ஒரு பெரிய அமைப்பின்மீது எளியவன் ஒருவன் தொடுத்த வழக்கு அது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கழிவறை வந்த பிறகேனும் துன்பம் தீர்ந்ததா? 1917ஆம் ஆண்டு காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தார். வழி நெடுகிலும் பெட்டி ஒருமுறைகூடப் பெருக்கப்படவில்லை என்றும், கழிவறை தூய்மை செய்யப்படவில்லை என்றும், தொட்டியில் தண்ணீர் இல்லை என்றும் அவர் எழுதினார். அறை இருந்தது, நீர் இல்லை, தூய்மை இல்லை. ஒரு வசதியை அமைப்பது வேறு, அதைப் பேணுவது வேறு என்பதை அவர் அன்றே சுட்டிக்காட்டினார்.

வண்டிக்குள் இருந்த குறை இது. வண்டிக்குக் கீழே இருந்த குறை இதனினும் பெரிது. அக்காலக் கழிவறையின் அமைப்பு மிக எளியது. ஒரு பீங்கான் அல்லது உலோகக் கிண்ணம். அதன் கீழே ஒரு குழாய். குழாயின் கீழே திறந்த வெளி. வண்டி ஓடும்போது கழிவு பாதை நெடுகச் சிதறிவிடும். வெயிலும் மழையும் அதை அழித்துவிடும் என்று எண்ணினர். நம் நாட்டில் மட்டுமன்று, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரயில்கள் நெடுங்காலம் இவ்வாறே ஓடின. ஜப்பானில் இருப்புப்பாதைத் தொழிலாளர்கள் தங்கள்மீது தெறிக்கும் கழிவை எதிர்த்துக் குரல் எழுப்பினர். ஓடுகிற வண்டிக்குள் இருப்பவனுக்கு, பின்னால் விட்டது எல்லாம் மறைந்துபோனதாகவே தோன்றும். பாதையோரத்தில் வாழ்பவனுக்கும் பாதையில் உழைப்பவனுக்கும் அது மறைவதே இல்லை.

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. கழிவை வழியில் விடாமல் வண்டியோடு கொண்டுசென்று, உரிய இடத்தில் இறக்குவது அது. அதற்குக் கருவி, வண்டியின் அடியில் ஒரு தொட்டி. இந்த முறையைத் தெளிவாகக் காணவேண்டுமானால், அமெரிக்கர் விடுமுறைக் காலத்தில் ஓட்டிச்செல்லும் வீட்டு வண்டிகளைப் பார்க்கவேண்டும். படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் கொண்ட அவ்வண்டிகளின் அடியில் கழிவுக்கென இரு தொட்டிகள் இருக்கும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஒன்றில் சேரும். அதைச் சாம்பல்நீர்த் தொட்டி என்பர். கழிவறையிலிருந்து வருவது மற்றொன்றில் சேரும். அதைக் கருநீர்த் தொட்டி என்பர். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைப்பிதழ் உண்டு.

கருநீர்த் தொட்டியை ஆள்வதற்குச் சில விதிகள் உள. அதன் அடைப்பிதழை எப்போதும் மூடியே வைக்கவேண்டும். திறந்து வைத்தால் நீர் வடிந்துபோகும்; திடப்பொருள் அடியில் தங்கி இறுகிவிடும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றவேண்டும். தொட்டி பெரும்பகுதி நிறைந்த பிறகே திறக்கவேண்டும். அப்போதுதான் நீரின் வேகம் திடப்பொருளையும் அடித்துக்கொண்டு செல்லும். முதலில் கருநீரை இறக்கி, அதன்பின் சாம்பல்நீரை இறக்கவேண்டும். பின்வருவது முன்சென்றது படிந்த குழாயைக் கழுவிவிடும். இறக்குவதற்கென்றே வழியில் நிலையங்கள் உள்ளன. அங்கே வண்டியை நிறுத்தி, கையுறை அணிந்து, குழாயைப் பூட்டி, இந்த வேலையைச் செய்பவர் யார் தெரியுமா? பெரும்பாலும் அந்த வண்டியின் சொந்தக்காரரே. மருத்துவராக இருந்தாலும் வணிகராக இருந்தாலும், தம் குடும்பத்தின் கழிவைத் தாமே இறக்குகிறார். அதற்கென்று பிறந்த சாதி ஒன்று அங்கே இல்லை. தொட்டி என்பது வெறும் பெட்டி அன்று. கழிவை உண்டாக்கியவனிடமே அதன் பொறுப்பை நிறுத்திவைக்கும் ஒரு ஏற்பாடு என்பதை இதிலிருந்து உணரலாம்.

ரயில்களுக்கும் இந்தத் தொட்டி வந்தது. 1964இல் ஜப்பான் தொடங்கிய ஷிங்கன்சென் விரைவு ரயில் கழிவைத் தொட்டியில் தேக்கியே ஓடியது. அமெரிக்கக் காங்கிரஸ் 1990இல் இயற்றிய சட்டம், அந்நாட்டுப் பயணிகள் ரயில்களும் கழிவைத் தேக்கியே செல்லவேண்டும் என்று விதித்தது. நம் நாட்டிலோ திறந்த குழாய் நீடித்தது. நிலையங்களில் தண்டவாளத்தின் அடியில் கற்காரைத் தளம் இட்டு, நீரைப் பீய்ச்சிக் கழுவும் முறையைச் செய்தனர். நீர் போகாத இடத்திற்குத் துடைப்பம் போயிற்று. துடைப்பத்தைப் பிடித்த கைகள், தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் இந்த வேலைக்குத் தள்ளப்பட்ட மக்களின் கைகள்.

1993ஆம் ஆண்டில் கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. உலர் கழிவறைகளையே அது முதன்மையாகக் கருதியது. துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2013ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில்தான் ‘இருப்புப்பாதை’ என்னும் சொல்லும் கையால் மலம் அள்ளுதலின் விளக்கத்துக்குள் இடம்பெற்றது. 2014 மார்ச் 27ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாதைகளில் இத்தொழில் ஒழிவதற்குக் காலவரையறையுடன் திட்டம் வகுக்கவேண்டும் என்று ரயில்வேயைப் பணித்தது.

ஆயினும் அச்சட்டத்தில் ஓர் இடுக்கு உண்டு. மாணவர்கள் அதைக் கூர்ந்து நோக்கவேண்டும். அரசு குறித்த கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் இதே வேலையைச் செய்பவர், கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார் என்று அதன் விளக்கம் கூறுகிறது. கையுறையும் காலணியும் வேண்டியவைதாம். ஆனால் அவற்றை அணிவித்ததும் ஒருவரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும், வேலை நீங்குவதில்லை. வேலையே நீங்கவேண்டுமானால், கழிவு பாதையில் விழாதிருக்கவேண்டும். சட்டத்தால் மட்டும் முடியாத அந்தச் செயலுக்குத் தொட்டி தேவைப்பட்டது.

தொட்டிக்கு ஆதரவாக மற்றொரு குரலும் எழுந்தது. அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் அமைந்த ரயில் பாதுகாப்புக் குழு 2012இல் அறிக்கை தந்தது. திறந்த கழிவறையிலிருந்து விழும் கழிவு தண்டவாளத்தை அரிக்கிறது. பாதையைப் பேணும் பணிக்கும் இடையூறாகிறது என்று அக்குழு எடுத்துக்காட்டியது. இரும்புக்கு ஊறு என்றதும் பலரும் செவி சாய்த்தனர். மனிதருக்கு ஊறு என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர்களுக்கு அவ்வளவு விரைவில் செவி கிடைத்ததா? இந்தக் கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நம் நாட்டுக்கு வந்த தொட்டி தனித்தன்மை உடையது. பனிமலை முகாம்களில் படைவீரர்களின் கழிவு குளிரால் மக்காமல் கிடந்த இடரைத் தீர்க்க, குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் உயிரிச் செரிமானத் தொட்டியை உருவாக்கியது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதில் இடப்படுகின்றன. அவை கழிவைத் தின்று, நீராகவும் மீத்தேன், கரியமில வாயு ஆகிய வளிகளாகவும் மாற்றுகின்றன. தொட்டிக்குள் தடுப்புகள் இருப்பதால் கழிவு விரைந்து வெளியேறாமல் தங்கிச் செல்கிறது. இறுதியில் வெளிவரும் நீர் குளோரின் கலந்து வெளியே விடப்படுகிறது. தொட்டியைப் பெட்டியின் அடியில் பொருத்தி முதல் ரயில் 2011இல் ஓடியது. 2016 ஜூலையில், நம் மானாமதுரை முதல் இராமேசுவரம் வரையிலான 114 கிலோமீட்டர்ப் பாதை, திறந்த கழிவு விழாத நாட்டின் முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது. கடலாடிப் புனிதம் பெறச் செல்வோரின் வண்டி, பாம்பன் பாலத்தின்மேல் செல்கையில் அக்கடலிலேயே கழிவைக் கொட்டிச் சென்ற வழக்கம் அன்றோடு முடிந்தது. பின்னர் 2 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழிவறைகளில் இத்தொட்டிகள் அமைந்தன. 2019 முதல் ஓடும் வந்தே பாரத் ரயிலில், குறைந்த நீரைக் கொண்டு காற்றின் உறிஞ்சலால் கழிவைத் தொட்டிக்கு இழுக்கும் முறையும் சேர்ந்தது. அவ்வண்டி பிறந்தது சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில்.

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று சொல்ல எனக்கும் விருப்பந்தான். ஆனால் வரலாறு அவ்வாறு முடிவதில்லை. மத்தியத் தணிக்கைத் துறை 2017இல் வெளியிட்ட அறிக்கையில், ஓராண்டுக்குள் தொட்டிகளின் அடைப்பைப் பற்றியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குறைபாடுகள் பதிவாயின. அடைத்தவை எவை? தண்ணீர்ப் புட்டி, பாக்கு உறை, துணி, குழந்தையின் அணையாடை. நுண்ணுயிர் மலத்தைத் தின்னும், பிளாஸ்டிக்கைத் தின்னாது. கடுமையான அமிலத்தை ஊற்றிக் கழுவினாலோ அந்த நுண்ணுயிரே மாண்டுவிடும். பிறகு தொட்டி வெறும் பெட்டியாகிவிடும்.

அடைத்த தொட்டியை யார் திறக்கிறார்? வண்டி பணிமனைக்குச் சென்று பள்ளத்தின்மேல் நிற்கும். ஒருவர் கீழே இறங்குவார். புட்டியை எறிந்த பயணி வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். அன்று தண்டவாளத்தில் நின்ற துடைப்பத்தை நாம் பணிமனைப் பள்ளத்துக்கு மாற்றிவைத்தோமேயன்றி, முற்றும் ஒழித்துவிடவில்லை என்றே அஞ்சுகிறேன். அமெரிக்க வீட்டு வண்டிக்காரர் தம் தொட்டியில் எதையும் கண்டபடி போடமாட்டார். ஏனெனில், அதைத் தாமே இறக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நம்முடைய தொட்டியை இறக்குபவர் வேறொருவர். அந்த ஒருவரை நாம் பார்ப்பதில்லை. தொட்டியின் இரும்பில் குறை இல்லை. நம் பார்வையில்தான் குறை.

நண்பர்களே! அடுத்த முறை ரயிலில் செல்லும்போது அந்தச் சிறிய அறையின் துளையைப் பாருங்கள். குறுக்குக் கட்டைகள் இப்போது தெரியமாட்டா. தொட்டி மறைத்திருக்கும். கையில் உள்ள காகிதத்தையோ புட்டியையோ அதில் இடுமுன், மறுமுனையில் ஒரு மனிதர் நிற்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். குப்பைக் கூடை அருகிலேயே இருக்கும். அந்தச் சந்திப்பு நிலையத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட சிறுவன் அன்று செய்யத் தவறியதை, நீங்கள் அப்போது செய்தவர்கள் ஆவீர்கள்.